பறக்கும் போர்க்கப்பல்களின் பீரங்கிச் சண்டையில் உயரத்தைக் கணக்கிடுவது எப்படி

வானில் மிதக்கும் போர்க்கப்பல்களைக் கதையிலோ விளையாட்டிலோ படைப்பவர்கள், மேலே நிற்கும் கப்பலுக்கே வெற்றி என்று பெரும்பாலும் முதலிலேயே முடிவுசெய்துவிடுகிறார்கள். கீழ்நோக்கிப் பாயும் குண்டின் வேகம் கூடும், மேல்நோக்கி ஏறும் குண்டின் வேகம் குறையும் என்ற எண்ணமே அதற்கு அடிப்படை. அந்த எண்ணம் தவறன்று. ஆனால் உயரத்தால் விளையும் மாற்றங்களுள் மிகச் சிறியது அதுதான். பீரங்கிக் குழல் எவ்வளவு தாழ முடியும், தவறிய குண்டு எங்கே போனது என்பதைச் சுடுபவர் எப்படி அறிகிறார் என்ற இரண்டு கேள்விகளே சண்டையின் போக்கைத் தீர்மானிக்கின்றன. இவற்றை எந்த வரிசையில் கணக்கிட்டால் நம்பத்தகுந்த சண்டை அமையும் என்பதை இங்கே விளக்குகிறேன். பள்ளியில் படித்த முக்கோணவியலும் ஒரு கணிப்பானும் இதற்குப் போதும்.

கப்பல் எதனால் மிதக்கிறது?

வேறு எதையும் தொடுவதற்கு முன் இதை முடிவுசெய்ய வேண்டும். வாயுவால் மிதக்கும் கப்பலுக்கு முதல் உலகப் போரில் ஜெர்மானியர் பறக்கவிட்ட செப்பலின் வான்கப்பல்களே சிறந்த முன்மாதிரி. அவை ஏறுவதற்குச் சுமந்து சென்ற நீரைக் கொட்டின. இறங்குவதற்கு ஹைட்ரஜனைத் திறந்துவிட்டன. கொட்டிய நீரையும் விட்ட வாயுவையும் நடுவானில் திரும்பப் பெற முடியாது என்பதால், ஒவ்வொரு ஏற்றமும் ஒவ்வொரு இறக்கமும் கப்பலின் கையிருப்பைக் குறைத்துக்கொண்டே வரும். உயரம் கூடக்கூட வாயுப்பைகளும் விரியும். 6 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 54 விழுக்காடுதான். ஆகவே அங்கே வாயுவை இழக்காமல் சண்டையிட விரும்பும் கப்பல், தரையிலிருந்து புறப்படும்போதே தன் பைகளை ஏறக்குறைய பாதிதான் நிரப்பியிருக்க வேண்டும். அதாவது, கனத்த கவசமும் பெரிய பீரங்கியும் கொண்ட கப்பல் தாழ்வாகவே பறக்கும். உயரே செல்லும் கப்பல் மெல்லிய தோலுடன்தான் செல்லும்.

வாயுக் கப்பலுக்கு இன்னொரு விளைவும் உண்டு. சுடச்சுட அது இலேசாகிறது. 2,000 டன் எடையுள்ள கப்பல், ஒவ்வொன்றும் 100 கிலோ எடையுள்ள 800 குண்டுகளைச் சுட்டுத் தீர்த்தால் 80 டன், அதாவது நான்கு விழுக்காட்டு எடையை இழக்கிறது. பைகள் முழுதாக விரிந்த நிலையில் இருந்தால்கூட, அதைச் சமன்செய்யும் அடர்த்தியைத் தேடி அது ஏறக்குறைய 400 மீட்டர் மேலே செல்லும். செப்பலின்கள் குண்டுகளைப் போட்டவுடன் மேலெழுந்ததும் இதே காரணத்தால்தான். சண்டை நீடிக்க நீடிக்க இரு தரப்பும் தாமாகவே மேலே நகர்வது, கதாசிரியருக்குக் கிடைக்கும் அருமையான காலக் கடிகாரம்.

இறக்கையாலும் எஞ்சினாலும் பறக்கும் கப்பல் வேறு வகை. அது உயரத்தை வேகமாக மாற்றிக்கொள்ளும்: காற்றுத் தடையை ஒதுக்கிப் பார்த்தால், நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் செல்வது 1,000 மீட்டர் தாழும்போது நொடிக்கு 149 மீட்டரை எட்டும். ஆனால் அதனால் நின்றபடி சுட முடியாது. முழுக்கக் கற்பனையான மிதப்புக் கல்லையோ ஈர்ப்பு எதிர்ப்புப் பொறியையோ பயன்படுத்துவோர், அதன் ஆற்றல் உயரத்தோடு குறையுமா, ஏறுவதற்குச் செலவு உண்டா என்ற இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எல்லை வகுக்காத பொறி எப்போதும் மேலேயே இருக்கும். அப்போது தந்திரத்துக்கு இடமில்லை.

குண்டின் வேகம்: சிறிய கணக்கு, பெரிய கணக்கு

நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டை எடுத்துக்கொள்வோம். 2,000 மீட்டர் கீழே உள்ள இலக்கை அடையும்போது புவியீர்ப்பு மட்டும் அதை நொடிக்கு 824 மீட்டராக உயர்த்தும். அதே உயரம் மேலே உள்ள இலக்கை அடையும்போது 775 ஆகக் குறைக்கும். ஆற்றலில் பார்த்தால் மேலே இருப்பவரின் குண்டு 13 விழுக்காடு வலியது. இதைப் புறக்கணிக்க வேண்டியதில்லை. ஆனால் இதை வைத்து மட்டும் ஒரு சண்டையை வெல்லவும் முடியாது.

காற்றின் அடர்த்தியால் வரும் மாற்றம் இதைவிடப் பெரிது. அமெரிக்காவின் அயோவா வகைக் கப்பல்களின் 16 அங்குலப் பீரங்கி, 1,225 கிலோ எடையுள்ள குண்டை நொடிக்கு 762 மீட்டர் வேகத்தில் செலுத்தியது. காற்றே இல்லாத வெளியில் அது 59 கிலோமீட்டர் சென்றிருக்கும்; உண்மையில் சென்றது சுமார் 38 கிலோமீட்டர். இழந்த தூரம் முழுவதும் காற்று விழுங்கியது. 1918 இல் பாரிஸ் நகரத்தைத் தாக்கிய ஜெர்மானிய நெடுந்தூரப் பீரங்கி, தன் குண்டைச் சுமார் 40 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பி, பாதையின் பெரும்பகுதியை அடர்த்தி குறைந்த காற்றில் கடக்கவைத்ததால்தான் 100 கிலோமீட்டருக்கும் அப்பால் அடிக்க முடிந்தது.

காற்றின் அடர்த்தி கனமீட்டருக்குக் கடல்மட்டத்தில் 1.225 கிலோ, 3 கிலோமீட்டர் உயரத்தில் 0.91, 6 கிலோமீட்டரில் 0.66, 9 கிலோமீட்டரில் 0.47, 12 கிலோமீட்டரில் 0.31. உங்கள் உலகின் பீரங்கிக்குண்டு கடல்மட்டத்தில் 10 கிலோமீட்டர் சென்றபின் தன் வேகத்தில் 70 விழுக்காட்டைத் தக்கவைத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டால், 6 கிலோமீட்டர் உயரத்தில் எவ்வளவு தக்கவைக்கும் என்பதை அறிய 0.70 என்ற எண்ணை 0.54 என்ற அடுக்குக்கு உயர்த்துங்கள்: விடை 0.825. அதாவது நொடிக்கு 800 மீட்டரில் புறப்பட்டு 560 இல் முடிய வேண்டிய வேகம் 660 இல் முடிகிறது. அடியின் ஆற்றல் ஏறக்குறைய 40 விழுக்காடு கூடுகிறது. இது துல்லியமான எறிகணையியல் அன்று. ஒலியின் வேகம் உயரத்தோடு குறைவதையும் குண்டின் வடிவத்தையும் இது பார்ப்பதில்லை. கதைக்கும் பலகை விளையாட்டுக்கும் இதுவே தாராளம். இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை புலப்படுகிறது: உயரம் ஒரு தரப்புக்கு மட்டும் சாதகமானதன்று. உயரமான வெளியில் நடக்கும் சண்டையில் இரு தரப்பின் பீரங்கிகளும் நெடுந்தூரம் பாய்ந்து கடுமையாகத் தாக்கும். தாழ்வான வெளியில் இரண்டும் தளரும். தடித்த கவசமுள்ள கப்பல் எதிரியைக் கீழே இழுக்கவும், மெல்லிய கவசத்துடன் நீண்ட குழல்களைக் கொண்ட கப்பல் மேலே இழுக்கவும் முயல்வதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

மெல்லிய காற்றில் பீரங்கி வெடிக்குமா என்று சிலர் ஐயுறுவதுண்டு. வெடிமருந்து தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால் தடையின்றி வெடிக்கும்.

இறக்கக்கோணம்: மேலே இருப்பவரின் குருட்டு வட்டம்

பீரங்கிக் குழல் கிடைமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தாழும் என்பதே இறக்கக்கோணம். என் பார்வையில் இந்தக் கணக்குகளிலேயே முதன்மையானது இதுதான். ஆனால் அதிகம் மறக்கப்படுவதும் இதுவே. கடற்படைக் கப்பல்களில் பீரங்கிகளைத் தாங்கித் திரும்பும் சுழல்மேடைகள் கீழ்நோக்கிச் சுடுவதற்காக வடிவமைக்கப்பட்டவையல்ல. முதல் உலகப் போர்க்காலத்துக் குயின் எலிசபெத் வகைக் கப்பல்களின் 15 அங்குலப் பீரங்கிகள் 20 பாகை வரை உயரவும் 5 பாகை வரை தாழவும் மட்டுமே முடிந்தது. அத்தகைய மேடைகளை அப்படியே வானில் ஏற்றிவிட்டால் என்ன நேரும் என்று பாருங்கள்.

இரண்டு கப்பல்களுக்கும் இடையே 1,000 மீட்டர் உயர வேறுபாடு இருக்கட்டும். மேலே உள்ள கப்பல் 5 பாகைக்கு மேல் குழலைத் தாழ்த்த முடியாது. 1,000 ஐ 5 பாகையின் டேன்ஜன்ட் மதிப்பால் வகுத்தால் 11,430 மீட்டர் வருகிறது. அந்தக் கிடைத்தூரத்துக்கு (கிடைமட்டமாக அளந்த தூரத்துக்கு) உள்ளே வந்த எதிரியை அதனால் தொடவே முடியாது. கீழே உள்ள கப்பலோ 20 பாகை வரை குழலை உயர்த்தலாம்; ஆகவே 2,750 மீட்டர் கிடைத்தூரம் வரை நெருங்கி வந்தும் அது சுட்டுக்கொண்டே இருக்கும். ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர் அகலமுள்ள வளையத்தில் கீழே இருப்பவர் சுடுகிறார்; மேலே இருப்பவர் வாங்கிக்கொள்கிறார்.

இதற்கு மாற்றுவழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் விலையும் உண்டு. கப்பலையே ஒருபக்கம் சாய்க்கலாம்: அமெரிக்க ஏசி-130 விமானம் தன் பீரங்கிகளை இடப்பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடப்புறம் சாய்ந்தபடி இலக்கைச் சுற்றி வட்டமிட்டுச் சுடுவது இம்முறையில்தான். 20 பாகை சாய்ந்தால் நம் கப்பலின் குருட்டு வட்டம் 11.4 கிலோமீட்டரிலிருந்து 2.1 கிலோமீட்டராகச் சுருங்கும். ஆனால் எதிர்ப்பக்கத்தில் ஓர் எதிரி இருந்தால் அவன் பக்கம் குழல்கள் வானத்தைப் பார்க்கும், ஆட்கள் நிற்கவும் குண்டேற்றவும் திணறுவார்கள். வயிற்றுப்பகுதியில் சுழல்மேடைகளைத் தொங்கவிடலாம். அப்போது தரையில் இறங்குவது கடினமாகும், வெடிமருந்து அறை கப்பலின் அடியில், கீழிருந்து வரும் குண்டுகளுக்கு மிக அருகில் அமையும்.

எட்டுப் பீரங்கிகளுள் நான்கை மேலும் நான்கைக் கீழும் வைப்பதுதான் பெரும்பாலான படைப்பாளிகளின் தேர்வு. அதன் விளைவையும் தொடர்ந்து பாருங்கள். மேல் மேடை 5 பாகை தாழவும் கீழ் மேடை 5 பாகை உயரவும் முடிந்தால், 10 கிலோமீட்டர் தூரத்தில் உயர வேறுபாடு 875 மீட்டருக்குள் இருக்கும்வரை எட்டும் சுடும். அதைத் தாண்டினால் நான்குதான் சுடும். கீழேயே எல்லாப் பீரங்கிகளையும் கொண்ட வேட்டைக்கப்பல் அந்த 875 மீட்டரைத் தாண்டி மேலேறத் துடிக்கும். எட்டுப் பீரங்கிக் கப்பல் அதை விடாமல் தானும் ஏறும், அல்லது தூரத்தைக் கூட்டிக் கோணத்தைத் தணிக்கும். கப்பலின் வரைபடத்திலிருந்தே போர்த்தந்திரம் பிறப்பதை இங்கே காணலாம்.

கப்பலுக்கு நேர் மேலும் நேர் கீழும் உள்ள கூம்பு வடிவ வெளி எப்போதும் ஆபத்தானது. 1915 ஜூன் 7 அன்று பெல்ஜியத்தின் கென்ட் நகருக்கு அருகே பிரிட்டிஷ் விமானி ரெஜினால்ட் வார்ன்ஃபோர்ட், எல்இசட் 37 செப்பலினுக்கு மேலே சென்று அதன் முதுகின் மீது குண்டுகளைப் போட்டு வீழ்த்தினார். செப்பலின்களின் முதுகில் இயந்திரத் துப்பாக்கி மேடை வைக்கும் வழக்கமும் இருந்தது. ஆனால் ஹைட்ரஜனைத் திறந்துவிடும் நேரத்தில் அங்கிருந்து சுடுவது கப்பலையே கொளுத்திவிடும். இறங்கும் கப்பல் தன் முதுகைக் காக்க முடியாது என்ற இந்த ஒரே நிபந்தனையை வைத்தே முழு அத்தியாயம் எழுதலாம்.

சாய்வாகக் குறிவைத்தல்

மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும், தன் உயரத்திலேயே உள்ள இலக்குக்கென வகுத்த குறி அட்டவணையை நம்பினால் குண்டு இலக்குக்கு மேலாகவே போகும். ஈர்ப்பு குண்டை நேர்க்கீழாக இழுக்கிறது. குறிக்கோடு சாய்ந்திருக்கும்போது அந்த இழுப்பின் ஒரு பகுதி மட்டுமே குண்டைக் கோட்டிலிருந்து விலக்குகிறது. ஆகவே குழலைக் கூடுதலாக உயர்த்தும் அளவைச் சாய்தூரத்துக்கு (இலக்குவரையுள்ள நேர்கோட்டுத் தூரத்துக்கு) அன்றிக் கிடைத்தூரத்துக்கே தர வேண்டும். கிடைத்தூரம் 4 கிலோமீட்டர், உயர வேறுபாடு 3 கிலோமீட்டர், சாய்தூரம் 5 கிலோமீட்டர் என்றால், நொடிக்கு 800 மீட்டர் வேகக் குண்டுக்குக் காற்றுத் தடை இல்லாத கணக்கில் பிழை 38 மீட்டர் வரும். 20 மீட்டர் உயரமுள்ள கப்பலை முழுதாகத் தவறவிட அது போதும். கடலிலிருந்து புதிதாக வானுக்கு மாற்றப்பட்ட பீரங்கி அதிகாரி முதல் நாளில் செய்யும் பிழையாக இதை வைக்கலாம்.

தவறிய குண்டைக் காண்பது

கடற்போரின் பீரங்கிக்கலை முழுவதும் நீர்த்தூண்களை நம்பி வளர்ந்தது. குண்டு முன்னால் விழுந்ததா, பின்னால் விழுந்ததா என்பதை எழும்பும் நீரைப் பார்த்துத் திருத்தினார்கள். யாருடைய குண்டு என்று அறிய, இரண்டாம் உலகப் போரில் சாயம் சேர்த்த குண்டுகளையும் பயன்படுத்தினார்கள். வானில் தவறிய குண்டு சத்தமின்றி மறைந்துவிடும். நெடுந்தொலைவுக்கு அப்பால், பல நொடிகள் கழித்து, அது எங்கோ தரையைத் தொடுவதால் திருத்தத்துக்குப் பயன் எதுவுமில்லை.

எனவே உங்கள் கடற்படைகள் இதற்கு விடை கண்டிருக்க வேண்டும். ஒளித்தடம் விட்டுச்செல்லும் குண்டுகள் இடவல விலகலைக் காட்டும். ஆனால் தூரத்தை நம்பகமாகக் காட்டாது. குறித்த நொடியில் குண்டை வெடிக்கவைக்கும் கால ஃபியூஸ் (வெடிதூண்டி) பொருத்திய சோதனைக்குண்டுகள் தூரத்தைக் காட்டும்: புகை இலக்கை மறைத்தால் முன்னால் வெடித்தது, புகையின் முன் இலக்கு கருநிழலாகத் தெரிந்தால் பின்னால் வெடித்தது. இதிலும் உயரம் குறுக்கிடுகிறது. வெடிமருந்துத் திரி எரியும் வேகம் காற்றழுத்தம் குறையக் குறையத் தணியும் என்பதால், கடல்மட்டத்தில் சரியாக வெடித்த ஃபியூஸ் உயரே தாமதிக்கும். முதல் உலகப் போரின் விமான எதிர்ப்புப் பீரங்கிப் படைகளுக்கு இது பெரும் தலைவலியாக இருந்தது. கடிகாரப் பொறியால் இயங்கும் ஃபியூஸ்கள் அதற்குத் தீர்வாயின. 1943 ஜனவரியில் ஹெலெனா என்ற அமெரிக்கக் கப்பல் முதன்முதலாகப் போரில் பயன்படுத்திய, இலக்கை நெருங்கியதும் ரேடியோ அலையால் தானாக வெடிக்கும் ஃபியூஸை உங்கள் உலகுக்குத் தந்தால் இச்சிக்கல் பெருமளவு தீரும். சண்டையின் சுவையும் அதே அளவு குறையும் என்பதால் நான் அதைத் தர மாட்டேன்.

இன்னொரு வழி, பக்கவாட்டில் ஒரு சிறு நோட்டக்கப்பலை நிறுத்துவது. சுடும் திசைக்குச் செங்குத்தான பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குத் தூரப்பிழை இடவலப் பிழையாகத் தெளிவாகத் தெரியும், உயரப்பிழையும் தெரியும். முதல் உலகப் போரில் நோட்டப் பலூன்களைத் தேடித் தேடி வீழ்த்தியதற்கும் இதுவே காரணம்: பலூன் விழுந்தால் அதை நம்பிய பீரங்கிகள் குருடாகும். பெரிய கப்பல்கள் பரிமாறிக்கொள்ளும் முதல் குண்டுகளுக்கு முன்பே சிறு கப்பல்களுக்கு இடையே கடும்போர் நடக்க வேண்டிய காரணம் இங்கே கிடைத்துவிடுகிறது.

தப்பிக்கும் தந்திரமும் இதனோடு சேர்ந்தது. 10 கிலோமீட்டர் தூரத்தைக் குண்டு கடக்க 15 நொடி ஆகும் என்றால், நொடிக்கு 5 மீட்டர் வீதம் ஏறும் கப்பல் அதற்குள் 75 மீட்டர் மேலே போயிருக்கும். 200 மீட்டர் நீளமுள்ள கப்பலின் உயரம் 20 மீட்டர்தான் என்பதால், முன்னோக்கி விரைவதைவிட மேலும் கீழும் அசைவதே எளிதில் காக்கும். கடலில் எந்தக் கப்பல் தலைவருக்கும் கிடைக்காத வாய்ப்பு அது.

கவசம்

200 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் 20 மீட்டர் உயரமும் கொண்ட பெட்டியாகக் கப்பலை எண்ணுங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் 4,000 சதுர மீட்டர் தெரியும். 37 பாகை மேலிருந்து பார்த்தால் முதுகும் பக்கமும் சேர்ந்து 6,800 சதுர மீட்டர் தெரியும். கீழிருந்து பார்ப்பவருக்கும் வயிறும் பக்கமும் சேர்ந்து அதே 6,800 தெரியும். உயர வேறுபாடு கூடும்போது இருவருமே ஒருவருக்கொருவர் பெரிய இலக்காகிறார்கள்.

100 மில்லிமீட்டர் முதுகுத் தகட்டை அதன் பரப்போடு 11 பாகைக் கோணத்தில் தாக்கும் குண்டு 500 மில்லிமீட்டருக்கும் அதிகமான எஃகைக் கடக்க வேண்டும். 37 பாகையில் வெறும் 167. கடலில் இத்தகைய செங்குத்தான வீழ்ச்சி நெடுந்தூரச் சூட்டில்தான் வரும், அங்கே குறி தவறும். வானிலோ அருகில் நின்றே இந்தக் கோணத்தைப் பெறலாம். ஆகவே பறக்கும் கப்பலுக்கு முதுகுக் கவசமும் வயிற்றுக் கவசமும் பக்கக் கவசத்துக்கு நிகராக வேண்டும்; ஒரே எடையை மூன்று இடங்களுக்குப் பகிர வேண்டியிருப்பதால் எங்கும் தடிமன் போதாது. எந்தப் பக்கத்தை எதிரிக்குக் காட்டுவது என்பதே தலைவரின் ஓயாத கவலையாக இருக்கும்.

ஆட்கள், காற்று, மேகம்

உயரம் ஒவ்வொரு கிலோமீட்டர் கூடும்போதும் வெப்பம் சுமார் 6.5 பாகை செல்சியஸ் குறையும். தரையில் 15 பாகை இருந்தால் 6 கிலோமீட்டரில் சுழியத்துக்குக் கீழே 24. மசகெண்ணெய் இறுகும், குளிர்ந்த வெடிமருந்து குண்டைச் சற்று மெதுவாகவே தள்ளும், ஆக்சிஜன் குறைவால் குண்டேற்றுவோர் சோர்ந்துபோவார்கள், காற்றை அழுத்தி ஊட்டும் காற்றழுத்தி இல்லாத எஞ்சின் ஏறக்குறைய பாதித் திறனை இழக்கும்.

காற்றோட்டம் இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. 1917 அக்டோபர் 19 இரவில் இங்கிலாந்தைத் தாக்கப் புறப்பட்ட செப்பலின்கள், விமானங்களுக்கு எட்டாத உயரத்தில் பறந்தும், அவ்வுயரத்தின் கடுங்காற்றால் பிரான்ஸ் வரை அடித்துச் செல்லப்பட்டுப் பல கப்பல்களை இழந்தன. பாதுகாப்பாகத் தோன்றும் அடுக்கில் எதிரியைவிட இயற்கையே அழிக்கக்கூடும்.

மேகம் மறைவிடம். அதனுள் இருப்பவருக்கும் எதிரி தெரிய மாட்டான் என்பதற்கு ஜெர்மானியர் கண்ட விடை வியப்புக்குரியது: கப்பல் மேகத்துக்கு மேலே நிற்க, ஓர் ஆள் அமர்ந்த சிறு கூண்டைக் கம்பிவடத்தில் பல நூறு மீட்டர் கீழே இறக்கி, தொலைபேசி வழியாகக் குறி சொல்லவைத்தார்கள். 1915 மார்ச்சில் பிரான்சின் கலே நகரை இசட் 12 செப்பலின் தாக்கியபோது இம்முறை பயன்பட்டது. பீரங்கிக் கப்பல்களுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

சண்டை நடக்கும் இடம்

கடைசியாக, கீழே என்ன இருக்கிறது என்பதை முடிவுசெய்யுங்கள். தவறும் ஒவ்வொரு குண்டும் எங்கோ விழும். நகரத்தின் மேல் நடக்கும் போரில், மேலே இருப்பவரின் தவறிய குண்டுகள் சில கிலோமீட்டர் தள்ளி வேகம் அதிகம் குறையாமல் இறங்கும். கீழே இருப்பவரின் குண்டுகள் வளைந்து நெடுந்தொலைவு சென்று விழும். தன் நகரத்தைக் காக்க வந்த கப்பல் அதற்கு மேலே, எதிரியைவிடத் தாழ்வாக நின்று மேல்நோக்கிச் சுடவே விரும்பும். எதிரி அதைத் தெரிந்துகொண்டு வேண்டுமென்றே தாழ்ந்து, காப்பவர் சுட்டால் வீடுகளின் மேல் விழும்படியான கோணத்தில் வந்து நிற்கலாம். காப்பவர் தம் குண்டுகளில் குறித்த நேரத்தில் தானே வெடித்துச் சிதறும் ஃபியூஸைப் பொருத்தியிருந்தால் முழுக்குண்டு தரைக்கு வராது. ஆனால் சிதறல்கள் வரும், கவசத்தைத் துளைக்கும் திண்ணிய குண்டுகளை அவரால் பயன்படுத்தவும் முடியாது. வரைபடத்தில் நகரத்தையும் கடற்கரையையும் குறித்துவிட்டு, இரு கப்பல்களின் குருட்டு வட்டங்களையும் அளவுகோலின்படி அதன்மேல் வரைந்து பாருங்கள். யார் எங்கே நிற்க முயல்வார் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.